லேஸ்: சுருக்குக் கயிறு துணியான கதை

பறவை பிடிப்பவர் புதருக்குள் மறைத்து வைக்கும் சுருக்குக் கயிற்றுக்கு லத்தீனில் லாக்குவெயுஸ் என்று பெயர். தூக்குக் கயிற்றுக்கும் அதுதான் பெயர். மணப்பெண்ணின் முக்காட்டிலும், ஞானஸ்நானக் குழந்தையின் வெள்ளைச் சட்டையிலும், தேவாலயப் பீடத் துணியின் ஓரத்திலும் நாம் காணும் லேஸ் தன் பெயரை இந்தக் கயிற்றிடமிருந்துதான் பெற்றது. இழுக்க இழுக்க இறுகி உயிரை எடுக்கும் ஒரு பொருளின் பெயர், காற்றில் ஆடும் துணிக்கு எப்படி வந்து சேர்ந்தது? அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. உடுத்தும் முறை மாறியது, சட்டங்கள் மாறின, கடல் வணிகம் பெருகியது, எந்திரம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தோடும் சொல்லும் கொஞ்சம் நகர்ந்தது. அந்த நகர்வில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இலங்கையின் காலிக் கடற்கரைக்கும் பங்கு உண்டு.

லேஸுக்கு வெவ்வேறு நாட்டவர் வைத்த பெயர்களைத் தொடர்ந்து போனால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அந்தப் பெயர்களில் அதன் வடிவம் இருக்கிறது, விற்ற ஊர் இருக்கிறது, ஆண்ட அரசின் பெருமை இருக்கிறது. பின்னிய பெண் இல்லை. இந்தக் கட்டுரையின் அக்கறை அவளைப் பற்றியதும்தான்.

கயிறாக இருந்த காலம்

லத்தீன் சொல் பேச்சு வழக்கில் தேய்ந்து, பழைய பிரெஞ்சில் ‘லாஸ்’ ஆனது. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் புகுந்த பிரெஞ்சுச் சொற்களின் வெள்ளத்தில் இதுவும் வந்தது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதன் பொருள் முறுக்கிய அல்லது பின்னிய கயிறு. கண்ணி, வலை என்ற பழைய பொருளும் கூடவே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாசர் எழுதிய ‘காண்டர்பரி கதைகள்’ நூலில், வீரனின் கதையில், காதல் தெய்வமான வீனஸ் மனிதர்களைச் சிக்கவைக்கும் வலையை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்.

ஏறக்குறைய அதே காலத்தில், பெயர் தெரியாத ஒரு புலவர் எழுதிய ‘சர் கவெயினும் பச்சை வீரனும்’ என்ற நெடும்பாடலில் ஒரு லேஸ் கதையின் மையத்திலேயே நிற்கிறது. பச்சைப் பட்டில் நெய்து பொன்னிழை கோத்த இடைக்கச்சு அது. கட்டியிருப்பவரை யாராலும் கொல்ல முடியாது என்று சொல்லி, விருந்தளித்த கோட்டையின் தலைவி அதைக் கவெயினுக்குக் கொடுக்கிறாள். உயிராசையால் அவன் அதை வாங்கி ஒளித்து வைக்கிறான். உண்மை வெளிப்பட்ட பிறகு, தன் குறையின் அடையாளமாக அதைத் தோளுக்குக் குறுக்கே அணிந்து அரசவைக்குத் திரும்புகிறான். ஆர்தர் அரசரின் வீரர்கள் எல்லோரும் அவனுக்காக அதுபோன்ற பச்சைக் கச்சை அணிந்துகொள்கிறார்கள். உயிரைக் காக்கும் என்று நம்பிய கயிறு அவன் நேர்மையைச் சிக்கவைத்த கண்ணியாகவும் ஆகிறது. சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே பொருளில் கட்டிய அந்தப் புலவரின் திறம் என்னை வியக்க வைக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நம்மிடம் ‘கண்ணி’ இருக்கிறது. வேடன் வைப்பது கண்ணி. தலையில் சூடும் பூமாலையும் கண்ணி. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணி. இரண்டிரண்டு அடியாகத் தொடுக்கும் பாட்டுறுப்பும் கண்ணிதான். பிடிப்பதும் தொடுப்பதும் முடிச்சிடும் விரல்களுக்கு ஒரே வேலை என்பதால் சிக்கவைக்கும் பொருளுக்கும் அழகுப் பொருளுக்கும் பல மொழிகளில் சொல் ஒன்றாக இருக்கிறது.

அதே லத்தீன் வேரிலிருந்து கிளைத்த வேறு சொற்களும் உண்டு. ஸ்பானிய மொழியில் அது ‘லாஸோ’ ஆகி, அமெரிக்கக் கண்டத்தில் மாடு பிடிப்பவர்கள் சுழற்றி எறியும் கயிற்றுக்குப் பெயராகி, பிறகு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கயிறாக இருந்த லேஸ் கழுத்தைச் சுற்றியபோது ‘நெக்லஸ்’ பிறந்தது. நம் நகைக்கடைகளில் அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லின் பின்பாதி இந்தச் சுருக்குக் கயிறுதான். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், யோவான் ஸ்நானகன் தான் அவிழ்க்கவும் தகுதியற்றவன் என்று சொல்லும் காலணிக் கயிற்றுக்கு வரும் ‘லாட்செட்’ என்ற சொல்லும் இதே குடும்பம். தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘வார்’ என்கிறது. ஷூ லேஸ் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லும்போது அந்தச் சொல் தன் மிகப் பழைய வேலையைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறது.

பெண்களின் மார்க்கச்சு முதுகில் கயிற்றால் இறுக்கப்பட்ட நாட்களில் அந்தக் கயிறும் லேஸ்தான். ஷேக்ஸ்பியரின் கிளியோபாத்ரா மூச்சுத் திணறும்போது, தன் லேஸை வெட்டும்படி தோழியிடம் சொல்வது அலங்காரத் துணியைப் பற்றியது அல்ல, இந்த உடைக்கயிற்றைப் பற்றியது. கச்சை மிக இறுக்கமாகக் கட்டியவர் என்ற பொருளில் தொடங்கிய ‘ஸ்ட்ரெயிட் லேஸ்ட்’ என்ற அடைமொழி, பிற்பாடு ஒழுக்க விதிகளில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவரைக் குறிக்கலாயிற்று.

கயிறு எப்போது துணியானது

17ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பியர் தம் உடையைப் பெரும்பாலும் கட்டித்தான் உடுத்தினர். கையைத் தோளோடு கட்டினர், காலுறையை மேற்சட்டையோடு கட்டினர். கட்டும் கயிறு வெளியே தெரிந்ததால் அதை அழகாகச் செய்ய வேண்டியிருந்தது. பட்டும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னினார்கள். பிறகு கட்டுவதற்கான தேவை இல்லாத இடத்திலும் அதே பின்னலைத் தட்டையான பட்டையாக்கித் துணியின் ஓரத்தில் தைத்தார்கள். படைத் தளபதிகளின் சீருடையில் மின்னும் பட்டைக்கு இன்றும் ‘கோல்டு லேஸ்’ என்றே பெயர். நாம் அதைச் சரிகைப் பட்டை என்போம்.

அந்தப் பட்டைகளைப் பின்னியவர்கள் நூலைச் சிறு மரக்கட்டைகளில் சுற்றி வைத்துக்கொண்டு, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னினார்கள். பொன்னிழைக்குப் பதில் வெள்ளை ஆளிச்செடி நூலை எடுத்து, இழைகளை நெருக்காமல் விரித்து, நடுவில் வெற்றிடம் விட்டுப் பின்னத் தொடங்கியபோது பழைய பட்டை புதிய துணியாயிற்று. கைகள் மாறவில்லை, கருவியும் மாறவில்லை. அதனால் பெயரும் மாறவில்லை. ஆங்கிலத்தில் 1550களிலிருந்து லேஸ் என்ற சொல் இந்தத் துளைத்துணியைக் குறிக்கிறது. வெனிஸ் நகரில் 1557இல் வெளியான ‘லே பொம்பே’ என்ற மாதிரிப் புத்தகமும், சூரிச்சில் 1561இல் வெளியான இன்னொன்றும் இந்தக் கட்டைப் பின்னலுக்கான பழைய அச்சுச் சான்றுகள். வெனிஸ் வணிகர்கள் வழியே 1536இல் இந்தக் கலை தம் ஊருக்கு வந்ததாகச் சூரிச் புத்தகம் குறிப்பிடுகிறது.

ஊசி லேஸின் பிறப்பு வேறு. துணியில் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டிய இடத்தை ஊசித் தையலால் நிரப்பும் வேலையிலிருந்து அது வந்தது. வெட்டும் இடம் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் துணியே வேண்டாம் என்ற நிலை வந்தது. தோல் தாளில் வரைந்த கோடுகளின்மேல் நூலைப் பதித்து, பொத்தான் துளைத் தையலால் அதை இணைத்து, பிறகு தாளிலிருந்து பிரித்து எடுத்தார்கள். வெனிஸ் மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘புந்தோ இன் ஆரியா’. காற்றில் போட்ட தையல் என்று பொருள். லேஸைப் பற்றி எந்த மொழியிலும் உண்டான பெயர்களில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். வேலையைச் செய்து பார்த்தவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பெயர் இது.

இதனால் ஒன்று தெளிவாகிறது. பிறப்பால் கயிற்றோடு உறவுடையது கட்டைப் பின்னல் லேஸ்தான். ஆங்கிலம் கயிற்றின் பெயரை எடுத்து ஊசி லேஸுக்கும் சேர்த்து வைத்துவிட்டது. மற்ற மொழிகள் வேறிடத்தைப் பார்த்தன. அக்காலத்துக் கழுத்துப்பட்டிகளின் விளிம்பில் லேஸ் முக்கோண முனைகளாகத் தொங்கியது. பிரெஞ்சுக்காரர் அந்த முனைகளைப் பற்களாகக் கண்டு ‘தான்தெல்’ என்றனர். சிறு பற்கள் என்று பொருள். ஜெர்மானியர் ‘ஷ்பிட்சே’, அதாவது கூர்முனை, என்றனர். இத்தாலியர் கோட்டை மதிலின் மேல்விளிம்பை நினைத்து ‘மெர்லெத்தோ’ என்றனர். டச்சுக்காரருக்கு அது வெறும் ஓரம், ‘காண்ட்’. ரஷ்ய மொழியின் ‘க்ரூஷெவோ’ என்ற சொல்லும் உடையைச் சுற்றிவரும் விளிம்பைத்தான் சுட்டுகிறது.

ஆங்கிலத்தின் லேஸ் என்ற சொல்லுக்கு இன்னொரு விசித்திரமான கிளையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் காபிக் கடைகள் பெருகியபோது, சர்க்கரையோ மதுவோ கொஞ்சம் சேர்த்த காபியை ‘லேஸ் போட்ட காபி’ என்றார்கள். சாதாரணச் சட்டைக்குப் பொற்பட்டை தைத்து மெருகேற்றுவதைப் போலப் பானத்துக்கு மெருகேற்றுவது என்பது நினைப்பு. இன்றைய ஆங்கிலச் செய்திகளில் போதைப்பொருள் அல்லது நஞ்சு கலந்த பானத்தைக் குறிக்க அதே வினை வருகிறது. பிரம்பால் அடிப்பதற்கும் இதே சொல் இருந்தது. தாவரங்களில் காட்டுக் கேரட்டின் வெண்பூங்கொத்தும், பூச்சிகளில் கண்ணாடிச் சிறகு கொண்ட ஓர் இனமும் லேஸ் பெயரைத் தாங்குகின்றன. ஜமைக்காத் தீவின் லகெட்டா மரத்தின் உட்பட்டையை விரித்தால் அது இயற்கையான வலைத்துணியாகவே விரியும். அதில் செய்த கழுத்துக்கட்டு ஒன்றை அத்தீவின் ஆளுநர் தாமஸ் லிஞ்ச் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கு அளித்தார்.

ஊர்ப் பெயரும் பொய்ப் பெயரும்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் லேஸ் பெரும் பணம். அரசவை ஆண்களும் அதைப் பெண்களுக்குக் குறையாமல் அணிந்தார்கள். நல்ல லேஸ் நகையைப் போல உயிலில் எழுதப்பட்டது. அதனால் அரசுகள் தலையிட்டன, பெயர்களும் அரசியலாயின.

பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர், தம் நாட்டுப் பிரபுக்களின் பணம் வெனிஸுக்குப் போவதைத் தடுக்க 1665இல் அரச ஆதரவில் லேஸ் பட்டறைகளைத் தொடங்கினார். வெனிஸிலிருந்து கைதேர்ந்த பெண்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் கற்றுக்கொடுத்த வெனிஸ் வேலை ‘புவான் த பிரான்ஸ்’, பிரான்ஸ் தையல், என்று பெயர் பெற்றது. பட்டறைகள் அமைந்த ஊர்களில் அலான்சோனின் ஊசி லேஸ் கலையை 2010இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அதன் கைமுறையில் வெனிஸ் பெண்களின் பங்கு இருக்கிறது, பெயரில் இல்லை.

இங்கிலாந்து 1662இல் வெளிநாட்டு லேஸ் இறக்குமதியைத் தடை செய்தது. உள்நாட்டு நூல் அவ்வளவு நயமாக இல்லை, வாங்குவோரோ பிரஸ்ஸல்ஸ் லேஸையே கேட்டனர். வணிகர்கள் பிரஸ்ஸல்ஸ் சரக்கைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து ‘இங்கிலாந்து லேஸ்’ என்று விற்றனர் என்பதே லேஸ் வரலாற்று நூல்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விளக்கம். ‘புவான் தாங்கிள்தேர்’ என்ற பெயர் அப்படி நிலைத்துவிட்டது. இன்றும் அருங்காட்சியகங்களில் பிரஸ்ஸல்ஸ் பெண்கள் பின்னிய துண்டுகள் அந்தப் பெயரோடு தொங்குகின்றன. கருப்புப் பட்டு லேஸுக்குப் பெயர் தந்தது பாரிஸுக்கு வடக்கே இருக்கும் ஷான்டிலி. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஷான்டிலி லேஸின் பெரும்பகுதி நார்மண்டியின் பாயோவிலும் பெல்ஜியத்திலும் பின்னப்பட்டது. விக்டோரியா அரசி 1840இல் மணந்தபோது உடுத்திய லேஸ் ‘ஹானிட்டன்’ எனப்பட்டது. அதைச் செய்தவர்கள் டெவன் மாவட்டத்தின் பியர் என்ற மீனவ ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுமார் 200 பெண்கள். மாதக்கணக்கில் பின்னி முடித்த பிறகு, யாரும் அதேபோல் இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று அதன் மாதிரிகள் அழிக்கப்பட்டன.

அந்தப் பெண்கள் எப்படி வேலை செய்தார்கள்? மிக மெல்லிய ஆளிச்செடி நூல் காய்ந்தால் அறுந்துவிடும் என்பதால், ஈரம் கசியும் நிலவறைகளில் நூற்றார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு, பக்கிங்காம் பகுதிகளில் லேஸ் பள்ளி என்ற பெயரில் நடந்த அறைகளில் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் தலையணையைப் போன்ற திண்டின்மேல் குனிந்து நாள் முழுதும் கட்டைகளை மாற்றிப் போட்டார்கள். மாலையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைத்து, ஒவ்வொருவர் வேலைமீதும் ஒரு புள்ளி வெளிச்சம் விழும்படி செய்தார்கள். முதுகு வளைந்தது, கண் பழுதானது. டச்சு ஓவியர் வெர்மீர் 1669-70 அளவில் தீட்டிய ‘லேஸ் பின்னும் பெண்’ பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 24 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய படம். தன் இரு கைகளில் இருக்கும் இழைகளைத் தவிர உலகில் வேறெதுவும் இல்லாதவள்போல் அவள் குனிந்திருக்கிறாள். அந்தக் கவனத்தை அவ்வளவு மரியாதையோடு வரைந்த ஓவியம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

எந்திரம் இந்த உலகத்தைச் சீக்கிரமே கலைத்தது. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட், கட்டைப் பின்னலின் அடிவலையை எந்திரத்தால் செய்யும் முறைக்கு 1808இலும் 1809இலும் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோ ஊரில் அவருடைய ஆலைக்குள் எந்திர எதிர்ப்பாளர்களான லட்டைட்டுகள் புகுந்து 55 எந்திரங்களை உடைத்தனர். அவர் தொழிலை டெவனில் இருக்கும் டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டார். 1813இல் ஜான் லீவர்ஸ் உருவாக்கிய எந்திரம் நாட்டிங்காமைப் பெரும் லேஸ் நகரமாக்கியது. அங்கிருந்து கள்ளத்தனமாகக் கடல் தாண்டிக் கலேயிலும் வட பிரான்சின் பிற ஊர்களிலும் அது வேரூன்றியது. இதற்குப் பிறகு சொல்லின் பொருளில் ஒரு விரிசல் விழுந்தது. அதுவரை லேஸ் என்றாலே கையால் செய்தது. இனி அதற்கு ‘உண்மை லேஸ்’, ‘கைவேலை லேஸ்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. எந்திரச் சரக்கு அடைமொழி இல்லாத பெயரை எடுத்துக்கொண்டது. அயர்லாந்தில் 1840களின் பெரும் பஞ்சத்தில், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே லேஸ் ஏழைக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. விரைவாகச் செய்ய முடிந்ததால் எந்திரக் காலத்திலும் அது பிழைத்தது.

ரேந்தை

தமிழில் லேஸ் என்ற சொல் ஆங்கில ஆட்சியோடு வந்தது. அதற்கு முன்பே போர்த்துகீசியர் வழியாக இன்னொரு சொல் வந்துவிட்டது: ரேந்தை. போர்த்துகீசிய மொழியில் லேஸுக்கு ‘ரெண்டா’ என்று பெயர். தமிழும் மலையாளமும் சிங்களமும் அதை வாங்கிக்கொண்டன. சன்னல், அலமாரி, சாவி வந்த அதே கப்பலில் இதுவும் வந்தது. லேசான துணி என்பதால் லேஸ் என்று நினைப்பவர்களும் உண்டு. ‘லேசு’ வடமொழியின் ‘லேசம்’, சிறு துளி, என்பதிலிருந்து வந்தது; இரண்டுக்கும் உறவு கிடையாது.

வலை இருக்கும் இடத்தில் ரெண்டா இருக்கும் என்பது போர்த்துகலில் வழங்கும் பழமொழி. பெனிஷே, விலா தோ கோண்டே முதலிய அந்நாட்டு லேஸ் ஊர்கள் கடற்கரையில் இருக்கின்றன. வெனிஸின் புரானோ மீனவர் தீவு. விக்டோரியாவின் லேஸ் பின்னிய பியர் மீனவ ஊர். இலங்கையில் காலி, வெலிகம கடற்கரையில் பெண்கள் பின்னும் ‘பீரலு’ ரேந்தையும் இந்த வரிசையில் சேரும். பீரலு என்ற பெயர் நூல் சுற்றும் கட்டையின் போர்த்துகீசியப் பெயரான ‘பில்ரோ’விலிருந்து வந்தது. உருளைத் திண்டில் மாதிரித் தாளைப் பொருத்தி, குண்டூசிகளை நட்டு, கட்டைகளைக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் பின்னுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் புத்தகத்தில் இருக்கும் அதே இரண்டு அசைவுகள்தாம். 2004 ஆழிப்பேரலையில் அந்தக் கரையின் பல பெண்கள் தம் திண்டுகளையும் கட்டைகளையும் இழந்தார்கள்.

தமிழகத்தில் லேஸ் கதை நாகர்கோவிலில் தொடங்குகிறது. அப்போது அது தென் திருவிதாங்கூர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1819இல் அங்கே வந்து, 1820களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியோடு லேஸ் வேலையும் கற்றுக்கொடுத்தார். விற்பனையில் பள்ளி நடந்தது, பின்னியவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன், அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருந்த வீட்டில் மனைவியின் லேஸ் பள்ளியும் நடந்தது. முன்னதை எல்லோரும் அறிவோம். பின்னதை நினைப்பவர் குறைவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதே காலத்தில், அதே மண்ணில், நாடார் பெண்கள் தம் தோளையும் மார்பையும் மூடும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். மிஷன் பெண்கள் அவர்களுக்காக வடிவமைத்த ‘குப்பாயம்’ என்ற தளர்ந்த மேற்சட்டையை அணிந்ததற்காகவும், மேல்சாதிப் பெண்களைப் போல் தோள் சீலை போட்டதற்காகவும் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள், உடை கிழிக்கப்பட்டது. 1859இல் வந்த அரசாணைதான் அவர்களுக்கு மேலுடை உரிமை தந்தது. அதிலும் மேல்சாதியினரைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடைக்கு விளிம்பு பின்னப்பட்ட ஊர்களில்தான் பெண்கள் ஒரு முழம் சீலைக்காக அடிபட்டார்கள். லேஸின் உலக வரலாற்றை எழுதும் நூல்களில் தோள் சீலைப் போராட்டத்துக்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1897இல் பெல்ஜியத்திலிருந்து அருட்சகோதரி மரி லூயிஸ் தெ மீஸ்டர் முளகுமூடு வந்து சேர்ந்தார். லேஸுக்குப் பேர்போன ஃபிளாண்டர்ஸ் மண்ணிலிருந்து வந்த அவருடைய மடத்தில் அநாதைப் பெண்பிள்ளைகளும் ஊர்ப் பெண்களும் லேஸும் பூவேலையும் கற்றார்கள். இங்கிலாந்து வழி வந்த நாகர்கோவில் கையும், பெல்ஜியம் வழி வந்த முளகுமூட்டுக் கையும், போர்த்துகீசியர் விட்டுச்சென்ற ரேந்தை என்ற சொல்லும் ஒரே மாவட்டத்தில் சந்தித்தன. ஐரோப்பாவில் நாடுகளாகப் பிரிந்து போட்டியிட்ட மரபுகள் இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களாயின.

வடக்கே, கோதாவரிக் கழிமுகத்தில் நர்சாபூர் இருக்கிறது. அங்கும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே லேஸ் வந்தது. பிறகு குரோஷே பின்னலாகப் பரவியது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்து 1982இல் வெளியிட்ட ‘நர்சாபூரின் லேஸ் பின்னுவோர்’ என்ற நூல், பெண் உழைப்பைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. அந்தப் பகுதியில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உலகச் சந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வணிகர்களின் கணக்கில் அவர்கள் தொழிலாளர்களே இல்லை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னும் இல்லத்தரசிகள். அந்தப் ‘பொழுதுபோக்கு’ ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணிநேரம் பிடித்தது. ஏற்றுமதியில் சிலர் செல்வரானார்கள். பின்னியவர்களின் கூலி அன்றைய விவசாயக் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. இல்லத்தரசி என்ற ஒரு பெயரை ஒட்டிவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம் என்பதை மீஸ் தெளிவாக நிறுவினார். பெயரிடுதல் எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. நர்சாபூர் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் சட்டப்படி காக்கப்படுகிறது, மகிழ்ச்சிதான். பின்னுபவரின் கூலியைக் குறியீடு காக்குமா என்பதைத்தான் இனி கவனிக்க வேண்டும்.

இறுதியாகப் புரானோவைப் பற்றி ஒரு செய்தி. காற்றில் போட்ட தையல் பிறந்த வெனிஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கலை அநேகமாக அழிந்துவிட்டது. 1872 வாக்கில் கடுங்குளிரில் கடற்கழி உறைந்து, மீனவக் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தபோது, பிழைப்புக்கு வழி தேடியவர்களுக்குப் பழைய லேஸ் நினைவுக்கு வந்தது. தையல் முழுதும் தெரிந்தவர் தீவிலேயே ஒரே ஒரு மூதாட்டி: செஞ்சா ஸ்கார்ப்பரியோலா. முறையாகக் கற்றுக்கொடுக்கும் வலு அவருக்கு இல்லை. அவர் பின்னுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்ற ஓர் ஆசிரியை மற்றப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பள்ளி 1970 வரை நடந்தது. அந்தக் கட்டடம் இப்போது லேஸ் அருங்காட்சியகம். ஒரு மூதாட்டியின் விரல்களிலிருந்து ஒரு தீவின் தொழில் மீண்டது. பின்னியவரின் பெயர் பிழைத்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

நாகர்கோவில், முளகுமூடு, இடையன்குடி வட்டாரங்களில் திண்டுக்கும் கட்டைக்கும் ஊசிக்கும், ஒவ்வொரு பூவுக்கும் விளிம்புக்கும் பெண்கள் வைத்த பெயர்களைத் தமிழ்த் துறைகளும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்க வேண்டும். லேஸ் பற்றிய தமிழ்ச் சொற்களில் பின்னியவர்களே ஆக்கிய சொற்கள் அவைதான். உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியோ பெரியம்மாவோ பின்னிய ரேந்தைத் துண்டு இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் யாரிடம் கற்றார் என்பதையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் மடித்து வையுங்கள்.